பழைய புதுச்சேரி வீட்டுக்குள் வெள்ளம் வந்து போனது: சுவரை என்ன செய்வது?

பாட்டிவீட்டுப் பேரன் | 2025 ஜனவரி 19

எல்லோருக்கும் வணக்கம். புதுச்சேரியில் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பகுதியில் எங்கள் பாட்டி வீடு இருக்கிறது. திண்ணை, தாழ்வாரம், நடுவில் முற்றம், பின்கட்டில் கிணறு. மாடியில் ஒரே ஒரு அறை. கூரை மெட்ராஸ் டெரஸ், அதாவது மரக்கட்டை மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட பழைய தளம். நூறு வருடத்துக்குக் குறையாத வீடு என்று பாட்டி சொல்வார்.

போன நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது நான் அங்கேதான் இருந்தேன். 24 மணி நேரத்தில் 46 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. விடியற்காலை மூன்று மணிக்குத் திண்ணையைத் தாண்டித் தண்ணீர் உள்ளே வந்தது. கூடவே முற்றத்துத் தூம்பு வழியாகச் சாக்கடை எதிர்த்து ஏறியது. கூடத்தில் முழங்கால் அளவு, இரண்டு நாள் நின்றது. மாடி அறைக்குக் கீழே தளமும் ஒழுகியது.

தண்ணீர் வடிந்த பிறகு சேற்றை வாரி, பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிவிட்டோம். ஏழு வாரம் ஆகிறது. இப்போது பார்த்தால் தண்ணீர் நின்ற அளவுக்கும் மேலே, இடுப்பு உயரம் வரை சுவர் ஓதம் ஏறியிருக்கிறது. பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக வீங்கி உதிர்கிறது. அதன் பின்னால் பஞ்சு மாதிரி வெள்ளையாக உப்பு. அறை முழுக்கப் பூஞ்சண வாடை.

வந்து பார்த்த ஒப்பந்தக்காரர் சொன்னது: பூச்சை எல்லாம் கொத்தி எடுத்து, வாட்டர்ப்ரூஃப் கலந்த சிமெண்ட் பூசி, நாலடி உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டிவிடலாம். தளத்தை இடித்துவிட்டு கான்கிரீட் போடலாம். 45 நாளில் முடித்துத் தருகிறாராம். அம்மாவுக்கு சீக்கிரம் அங்கே திரும்ப வேண்டும். எனக்கு மனசு வரவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

சிவில்87 | 2025 ஜனவரி 19

தம்பி, முதலில் பாதுகாப்பு. தண்ணீருக்குள் இருந்த பிளக் பாயிண்ட், ஜங்ஷன் பாக்ஸ் எல்லாவற்றையும் எலக்ட்ரீசியனை வைத்து மெகர் (மின்கசிவு இருக்கிறதா என்று காட்டும் கருவி) போட்டுப் பாருங்கள். பார்க்காமல் மெயினைப் போடாதீர்கள். அப்புறம் சுவரில் புது விரிசல், வயிறு தள்ளியது மாதிரி வீக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். 2014 நவம்பர் 29 அன்று நம் மேரி கட்டடம் (பிரெஞ்சுக் காலத்து நகராட்சிக் கட்டடம்) அடைமழையில் இடிந்து விழுந்ததை மறக்க வேண்டாம். இப்போது கடற்கரையில் நிற்பது அதே தோற்றத்தில் மறுபடி கட்டி 2021-ல் திறந்தது. பழைய சுவரில் தண்ணீர் இறங்கிவிட்டால் சமாளிக்கும் என்று நம்பி உட்கார முடியாது.

நான் நாற்பது வருடமாக இந்தத் துறையில் இருக்கிறேன். ஒப்பந்தக்காரர் சொன்னதில் பாதி சரி. பூச்சைக் கொத்தி எடுக்கத்தான் வேண்டும். சிமெண்ட் பூசுவதில் தப்பில்லை என்பது என் எண்ணம், நன்றாகக் காயவிட்டுப் பூசினால். வீட்டுக்குள் ஆள் குடியிருக்க வேண்டுமே.

---

கொத்தனார் மகன் | 2025 ஜனவரி 20

சிவில் ஐயா பாதுகாப்பு பற்றிச் சொன்னதை முதலில் செய்யுங்கள். பூச்சு விஷயத்தில் ஐயாவோடு ஒத்துப்போக முடியவில்லை, மன்னிக்கவும். எங்கள் அப்பா, தாத்தா இரண்டு பேரும் சுண்ணாம்பு வேலைக்காரர்கள். நானும் அதைத்தான் செய்கிறேன்.

இந்த வீடுகளின் செங்கல் இப்போது கிடைக்கிற செங்கல் இல்லை. மெல்லிசு, சூளையில் குறைவாக வெந்தது. நடுவில் இருப்பது சுண்ணாம்புச் சாந்து, பல வீடுகளில் வெறும் களிமண் சாந்துதான். ஒன்றரை அடி தடிமன் சுவர், அடியில் ஓதம் தடுக்க எந்த அடுக்கும் கிடையாது. அப்படியானால் நிலத்து ஈரம் எப்போதும் மேலே ஏறிக்கொண்டேதான் இருந்திருக்கும், இல்லையா? ஏறிய ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியாக வெளியே ஆவியாகிப் போய்க்கொண்டே இருந்தது. அதனால்தான் பாட்டி காலத்தில் ஒன்றும் தெரியவில்லை.

உங்கள் சுவரில் இடுப்பு உயரம் வரை ஏறியதற்குக் காரணம் வெள்ளம் மட்டும் இருக்காது. நடுவில் யாரோ ஒரு தடவை சிமெண்ட் பூசியிருப்பார்கள், அதன் மேல் பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்திருப்பார்கள். கொத்திப் பாருங்கள், சாம்பல் நிறத்தில் வரும். சிமெண்ட் மூடிய இடத்தில் ஈரத்துக்கு வெளியே வழியில்லை. எங்கே வழி கிடைக்கிறதோ அதுவரை மேலே ஏறும். நாலடிக்கு டைல்ஸ் ஒட்டினால் ஐந்தடியில் வந்து நிற்கும். இதை நான் என் கண்ணால் எத்தனையோ வீட்டில் பார்த்திருக்கிறேன்.

உப்பு இன்னும் மோசம். ஈரம் ஆவியாகும் இடத்தில் உப்பு படிகமாகும். சுண்ணாம்புப் பூச்சாக இருந்தால் மேற்பரப்பில் பூத்து, துடைத்தால் போய்விடும். சிமெண்டுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் அங்கேயே படிகமாகி, வீங்கி, செங்கல்லின் முகத்தையே பொரித்து எடுத்துவிடும். சிமெண்ட் பூச்சு பலகை மாதிரி முழுசாகக் கழன்று வரும்போது பின்னாலேயே செங்கல் மாவும் வரும். பூச்சு போனால் மறுபடி பூசலாம். செங்கல் போனால் சுவர் போயிற்று.

இப்போது செய்ய வேண்டியது. ஓதம் தெரிகிற உயரத்துக்கு மேல் மூன்றடி வரை சிமெண்ட் பூச்சை எடுத்துவிடுங்கள். பெரிய சுத்தியல் வேண்டாம், சின்ன உளியால் பக்குவமாக எடுக்கச் சொல்லுங்கள். டிரில்லர் வைத்து அடித்தால் களிமண் சாந்து ஆடிப்போகும். மூட்டுகளில் இருக்கிற பொடியைச் சுரண்டிவிடுங்கள். வெள்ளை உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி, கீழே சாக்கு விரித்து வாரி வெளியே கொட்டுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் கரைந்து மறுபடி உள்ளேதான் போகும். அப்புறம் ஜன்னல், கதவு எல்லாம் திறந்து போட்டுக் காத்திருங்கள்.

எவ்வளவு நாள் என்று கேட்பீர்கள். ஒரு அங்குலத் தடிமனுக்கு ஒரு மாதம் என்பது கணக்கு. ஒன்றரை அடிச் சுவர் இரண்டு பக்கமும் காய்கிறது என்றால் ஒன்பது மாதம்.

---

பாட்டிவீட்டுப் பேரன் | 2025 ஜனவரி 20

அண்ணா, ஒன்பது மாதம் என்றால் அடுத்த மழையே வந்துவிடுமே! தினமும் நாலு மணி நேரம் ஃபேன் போடுகிறேன். ஹீட்டர் வாடகைக்கு எடுக்கலாமா?

---

கொத்தனார் மகன் | 2025 ஜனவரி 21

ஹீட்டர் வேண்டாம். மேல்தோல் மட்டும் வேகமாகக் காய்ந்து உப்பை மொத்தமாக இழுத்துக்கொண்டு வரும், மர விட்டங்களும் வெடிக்கும்.

முழுக்கக் காய்ந்த பிறகுதான் பூச வேண்டும் என்றில்லை. சுண்ணாம்புப் பூச்சு என்றால் மிச்ச ஈரம் அதன் வழியே போய்விடும். மாசி முதல் ஆனி வரை நல்ல வெயிலும் காற்றும் கிடைக்கும். ஒரு கோடை முழுக்கச் சுவரை அம்மணமாக விடுங்கள். கத்திரி முடிந்த பிறகு, ஆனி கடைசியில் பூச்சைத் தொடங்கினால் ஐப்பசி மழைக்குள் இறுகிவிடும்.

---

தரங்கை அலை | 2025 ஜனவரி 23

நான் தரங்கம்பாடி. எங்கள் அனுபவத்தையும் எழுதுகிறேன், யாருக்காவது உதவட்டும்.

2004 டிசம்பர் 26. எங்கள் வீட்டுக்குள் வந்தது கடல் தண்ணீரே. அதில் நாங்கள் இழந்தது வீடு மட்டுமில்லை, அதைப் பற்றி இங்கே எழுத வரவில்லை. மூன்று மாதத்தில் வீட்டைத் தயார் செய்துவிட வேண்டும் என்று எல்லோருக்கும் அவசரம். நாலு சுவரைப் பார்த்து உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது. சிமெண்ட் பூசி, பெயிண்ட் அடித்துக் குடிபோனோம். இரண்டே வருடத்தில் கீழ்ப்பாதி முழுக்கக் கழன்று விழுந்தது. திரும்பப் பூசினோம். திரும்ப விழுந்தது. மூன்றாவது தடவை, பழைய வீடுகளைச் சீரமைத்துக்கொண்டிருந்த ஒருவர் வந்து பார்த்துவிட்டு ஒன்று சொன்னார். கடல் தண்ணீர் பட்ட சுவரைக் காய்வதற்கு முன்பே நல்ல தண்ணீரால் திரும்பத் திரும்பக் கழுவியிருக்க வேண்டும், காய்ந்தபின் உப்பு உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது என்றார். அந்த நாளில் குடிக்கவே நல்ல தண்ணீர் இல்லை, சுவருக்கு எங்கே போவது?

கொத்தனார் மகன் கழுவ வேண்டாம் என்று சொல்வதும் இதுவும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை. புதிதாகக் கடல் நீர் பட்டு ஈரமாகவே இருக்கும்போது கழுவுவது வேறு. காய்ந்து பூத்த உப்பைக் கழுவுவது வேறு.

கடைசியில் எங்களுக்குப் பலித்தது பற்று. வெந்நீரில் ஊறவைத்த காகிதக் கூழையும் களிமண்ணையும் பிசைந்து, சுவரில் ஒரு அங்குலத்துக்கு அப்பி, காய்ந்து தானாக விலகும்வரை விட்டு எடுத்தோம். சுவரில் இருக்கிற உப்பு பற்றுக்குள் வந்துவிடும். ஒரே சுவருக்கு நாலு தடவை போட்டோம். அதன் மேல் இளகலான சுண்ணாம்புப் பூச்சு ஒன்று, அது கெட்டுப்போவதற்கென்றே போட்டது. இரண்டு வருடம் உப்பை எல்லாம் வாங்கிக்கொண்டு பொரிந்தது. அதை எடுத்துவிட்டுப் போட்ட பூச்சுதான் இன்றுவரை நிற்கிறது.

இன்னொன்று. உப்பு உள்ள சுவர் ஒழுகல் இல்லாமலேயே ஈரமாகும். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் கறியுப்பு தானாகத் தண்ணீர் வாங்கிக் கரைய ஆரம்பிக்கும். உப்புப் பானை மார்கழியில் கசிவதைப் பார்த்திருப்பீர்களே, அதே கதை. கடலோர ஊரில் அந்த 75 சாதாரணம். அதைப் பார்த்துவிட்டு எங்கோ குழாய் உடைந்திருக்கிறது என்று தரையைத் தோண்டாதீர்கள். நாங்கள் தோண்டினோம்.

---

சிவில்87 | 2025 ஜனவரி 23

அம்மா, உங்கள் பதிவைப் படித்துவிட்டுச் சிறிது நேரம் எழுத முடியவில்லை. பற்று பற்றிச் சொன்னதை நான் குறித்துக்கொண்டேன்.

ஆனால் தளம் விஷயத்தில் நான் சொல்வதைக் கேளுங்கள். நூறு வருட மரம். கரையான் உள்ளே தின்றிருந்தால் வெளியே தெரியாது. ஒரு நாள் தலையில் விழும். கான்கிரீட் போட்டால் கவலை விட்டது.

---

கொத்தனார் மகன் | 2025 ஜனவரி 25

ஐயா, அந்த பயம் நியாயம். அதற்காக முழுத் தளத்தையும் இடிக்க வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்காக மெட்ராஸ் டெரஸ் எப்படிப் போட்டது என்று எழுதிவிடுகிறேன்.

பெரிய விட்டத்தின் மேல் ஒரு அடிக்கு ஒன்று என்கிற மாதிரி தேக்குக் கட்டைகள். அதன் மேல் ஒரு அங்குலம் கனமுள்ள சின்னச் செங்கல்லைச் செங்குத்தாக, மூலைவாட்டில் சுண்ணாம்பில் அடுக்குவார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூன்று நாலு அங்குலம் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து மரக்கட்டையால் அடிப்பார்கள். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பாட்டுப் பாடிக்கொண்டே நாள்கணக்கில் அடிப்பார்களாம், எங்கள் ஆயா அந்த வேலைக்குப் போனவர். அடித்த கட்டை துள்ளித் திரும்பினால் இறுகிவிட்டது என்று அர்த்தம். கடைசியாகத் தட்டோடு, அதாவது தட்டையான ஓடு, இரண்டு அடுக்கு, மூட்டு மேல் மூட்டு வராமல்.

ஒழுகுவது பெரும்பாலும் மூன்றே இடத்தில்தான். கைப்பிடிச் சுவர் தளத்தில் சேரும் ஓரம். மழைத்தண்ணீர்க் குழாயின் வாய். அரசங்கன்று முளைத்த விரிசல். தம்பி, மொட்டை மாடியில் நாலு வாளி தண்ணீர் ஊற்றி வாட்டம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். எங்கே தேங்குகிறதோ அங்கே தட்டோட்டை மட்டும் எடுத்துத் திரும்பப் பதிக்கலாம். அரசங்கன்றைப் பிடுங்கினால் வேர் உள்ளே தங்கித் திரும்ப முளைக்கும். அந்த இடத்தைப் பிரித்து வேரோடு எடுக்க வேண்டும்.

கட்டைகளைப் பொறுத்தவரை, சுவருக்குள் புதைந்திருக்கிற முனைதான் முதலில் மக்கும். நடுவில் திடமாக இருக்கும். ஸ்க்ரூ டிரைவரால் முனையைக் குத்திப் பாருங்கள், கட்டை முழுக்கத் தட்டிப் பாருங்கள். முனை மக்கியிருந்தால் அதை மட்டும் அறுத்து, பழைய தேக்கையே சாய்வாக இணைத்து போல்ட் போடலாம். கீழே முட்டுக் கொடுத்துவிட்டு ஒவ்வொரு கட்டையாக மாற்றவும் முடியும். மாற்றும்போது முனையைச் சுற்றிச் சிமெண்ட் அடைக்காதீர்கள், காற்றுக்குக் கொஞ்சம் இடம் விடுங்கள்.

கான்கிரீட் போட்டால் அந்தப் பாரத்தைத் தாங்கப்போவது ஏற்கெனவே நனைந்த களிமண் சாந்துச் சுவர். உப்புக் காற்றில் கம்பி துருப்பிடித்து கான்கிரீட் வெடித்து உதிர்வதை நம் ஊரில் எத்தனை மாடிகளில் பார்க்கிறோம்!

---

பாரிஸ் பிள்ளை | 2025 ஜனவரி 26

இதைப் படித்ததிலிருந்து தூக்கம் இல்லை. எங்கள் வீடும் அதே பக்கம்தான். அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், சொல்தா வீடு என்றுதான் தெருவில் சொல்வார்கள். கீழே தமிழ் வீட்டுத் திண்ணை, மாடியில் வளைவு ஜன்னலும் பலகணியும். நான் இங்கே வந்து முப்பத்திரண்டு வருடம். வருடத்துக்கு ஒரு தடவை ஜூலையில் வருவோம். மற்ற நாள் பூட்டியே கிடக்கும்.

ஃபெஞ்சலுக்குப் பிறகு பக்கத்து வீட்டுக்காரர் அனுப்பிய படத்தில் வெளிச்சுவரே கறுத்துப் போயிருக்கிறது. உள்ளே என்ன நிலைமையோ. அலமாரியில் தாத்தா காலத்து நொத்தேர் (பிரெஞ்சு நோட்டரி) பத்திரங்கள், கல்யாணப் படங்கள் எல்லாம் இருக்கின்றன. அங்கே வந்த பிறகு முதலில் என்ன செய்ய வேண்டும்?

---

ஓலையும் தாளும் | 2025 ஜனவரி 27

அக்கா, ஆவணங்களைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன், அது என் வேலை. நனைந்த தாளுக்கு இரண்டு நாள்தான் கெடு, அதற்குமேல் பூஞ்சணம் வந்துவிடும். இரண்டு நாளில் காயவைக்க முடியாவிட்டால் பாலித்தீன் உறையில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிட வேண்டும். உறைந்த நிலையில் மாதக்கணக்கில் தாங்கும், பிறகு நிதானமாகக் காயவைக்கலாம். அடுத்த மழைக்காவது இதை எல்லோரும் நினைவில் வையுங்கள்.

உங்களுடையது இந்நேரம் தானாகக் காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும். ஒட்டிய பக்கங்களைக் கையால் பிரிக்காதீர்கள். வெயிலிலும் வைக்காதீர்கள். பூஞ்சணப் பொடியை மாஸ்க் போட்டுக்கொண்டு, திறந்த இடத்தில், மெல்லிய பிரஷ்ஷால் ஒரே திசையில் தள்ளுங்கள். ஒட்டிய படங்களைச் சுத்தமான தண்ணீரில் மிதக்கவிட்டால் சில நேரம் தானாகப் பிரியும். ஆனால் பழைய படங்களில் எல்லா வகையும் தண்ணீரைத் தாங்காது. தாத்தா பாட்டி கல்யாணப் படம் மாதிரி ஒன்றே ஒன்று இருப்பதைத் தொடாமல், தெரிந்தவர்களிடம் காட்டுங்கள்.

---

பாட்டிவீட்டுப் பேரன் | 2025 மார்ச் 16

இரண்டு மாதக் கதை. அண்ணன் சொன்னபடியே பூச்சைக் கொத்தினோம். சாம்பல் நிறச் சிமெண்ட்தான் வந்தது. அம்மாவிடம் கேட்டால், 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்த பிறகு பூசியது என்கிறார். பதின்மூன்று வருடமாக அந்தச் சுவர் மூச்சு முட்டிக் கிடந்திருக்கிறது. வீங்கிய இடங்களில் செங்கல் விரலால் தொட்டாலே மாவாக உதிர்ந்தது. நாற்பது செங்கல்லுக்கு மேல் மாற்ற வேண்டியிருக்கும்.

கூடத்தில் 2009-ல் பழைய காவித் தரை மேல் வழவழ டைல்ஸ் போட்டிருந்தோம். அதையும் சுவரோரமாக ஒரு முழம் எடுத்திருக்கிறேன். தரை மூடினால் ஈரம் எல்லாம் சுவர்ப் பக்கம் ஒதுங்கும் என்று ஒருவர் நேரில் சொன்னார். எடுத்ததும் அடியில் மண் சொதசொதவென்று இருந்தது.

ஈரமானி ஒன்று வாங்கி அளந்தேன். ஒரே சுவரில் முள் உச்சிக்குப் போகிறது, கையால் தொட்டால் காய்ந்திருக்கிறது. கருவி பழுதா?

---

சிவில்87 | 2025 மார்ச் 16

பழுதில்லை. ஊசி குத்தி அளக்கும் கருவி மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்றுதான் பார்க்கிறது. உப்பு இருந்தால் அதிகம் பாயும், ஈரம் குறைவாக இருந்தாலும் அதிகம் காட்டும். எண்ணை நம்பாமல், ஒரே இடத்தில் மாதாமாதம் குறைகிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஒரு முழத்துக்கு ஒரு முழம் பாலித்தீன் தாளை நாலு ஓரமும் டேப் போட்டு ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். உள்பக்கம் வியர்த்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. வெளிப்பக்கம் வியர்த்தால் காற்றின் ஈரம்.

அந்தச் செங்கல் மாவுப் படத்தைப் பார்த்தேன் தம்பி. என் கையாலேயே எத்தனையோ பழைய வீடுகளுக்கு சிமெண்ட் பூச்சு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பத்து வருடம் கழித்து யாரும் திரும்பிப் போய்ப் பார்ப்பதில்லை. கொத்தனார் மகன் சொன்னதுதான் சரி.

---

குடக்கூலிக்காரி | 2025 ஏப்ரல் 2

நான் இந்தப் பகுதியில் இருபது வருடமாக வாடகைக்கு இருக்கிறேன். பூச்சு, தளம் எல்லாம் பேசுகிறீர்கள், தண்ணீர் ஏன் உள்ளே வந்தது என்று யாரும் கேட்கவில்லையே. நான் வந்தபோது திண்ணைக்கு மூன்று படி ஏறி வருவோம். இப்போது ஒரு படிதான் மிச்சம். பழைய சாலையைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்துவிட்டது. அடுத்த முறை சாலை போட வரும்போது தெருக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து நின்று, சுரண்டிவிட்டுப் போடுங்கள் என்று எழுதிக் கொடுங்கள். போன மாதம் எங்கள் தெருவில் பதினோரு வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறோம்.

வாடகைக்காரர்களுக்கு வேறு கஷ்டமும் உண்டு. சுவர் ஒன்பது மாதம் காயட்டும் என்று வீட்டுக்காரர் சொன்னால் நாங்கள் எங்கே போவது? என் பையனுக்கு இழுப்பு. பூஞ்சண அறையில் படுக்கவைக்க முடியவில்லை.

---

கொத்தனார் மகன் | 2025 ஏப்ரல் 2

அக்கா, நீங்கள் கேட்டது நியாயம், எனக்குத் தோன்றவே இல்லை. வீட்டுக்காரரிடம் சொல்லி ஒரே ஒரு அறையை முதலில் எடுக்கச் சொல்லுங்கள். மாடி அறை இருந்தால் அது, இல்லையென்றால் தெருவைப் பாராத, நடுக்கட்டு அறை. பெயிண்டை மட்டும் சுரண்டி வெறும் சுண்ணாம்பு அடித்தாலே பூஞ்சணம் பெரிதும் அடங்கும். சுண்ணாம்பின் காரத்தில் அது லேசில் வளராது. கட்டில், பீரோவைச் சுவரை விட்டு ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். பையன் இருக்கும்போது சுரண்ட வேண்டாம்.

தூம்புக்கும் வழி உண்டு. தண்ணீர் வெளியே மட்டும் போகும், உள்ளே திரும்பாத வால்வு பிளம்பிங் கடையில் கிடைக்கிறது. முற்றத்துக் குழாய் தெருச் சாக்கடையில் சேருமிடத்தில் வைக்கலாம். மழைக்கு முன்னால் அதைத் திறந்து சுத்தம் செய்துகொள்ள வேண்டும்.

---

பாட்டிவீட்டுப் பேரன் | 2025 ஆகஸ்ட் 10

பூச்சு முடிந்தது! வேலை நடந்த விதத்தை எழுதுகிறேன்.

கிளிஞ்சல் சுண்ணாம்பை மே மாதமே வாங்கி நீற்றித் தொட்டியில் போட்டுவிட்டோம். தண்ணீர் மூடி நின்றபடி ஐந்து வாரம் இருந்தது, வெண்ணெய் மாதிரி ஆனது. நீற்றும்போது கொதித்துத் தெறிக்கும், கண்ணாடி போடாமல் கிட்டே போகாதீர்கள். சித்தாள் ஒருவருக்குக் கையில் பட்டுக் கொப்புளித்துவிட்டது.

முதலில் மாவாய்ப் போன செங்கற்களை எடுத்துவிட்டு, இடித்த வீட்டிலிருந்து வந்த பழைய செங்கற்களை வைத்தோம். கீழ்ப்பூச்சு சுண்ணாம்பு ஒன்றுக்கு மணல் மூன்று, கொஞ்சம் செங்கல் தூள். கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரில்தான் குழைத்தார்கள். அந்தப் புளித்த வாடை வீடு முழுக்க இருந்தது. அம்மா உள்ளே வந்ததும் நின்றுவிட்டார். அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பின்கட்டு கட்டிய நாளில் வந்த அதே வாடையாம்.

இரண்டு பூச்சுக்கும் நடுவில் பத்து நாள் விட்டோம். ஈரச் சாக்கு தொங்கவிட்டுத் தினமும் மூன்று வேளை தண்ணீர் தெளித்தோம். ஒரு சுவரில் ஞாயிற்றுக்கிழமை தெளிக்க மறந்துவிட்டது, அந்தச் சுவரில் மட்டும் முடி முடியாக விரிசல். அதைத் திரும்பத் தேய்த்துச் சரிசெய்தார் மேஸ்திரி. மேலே வெறும் சுண்ணாம்பு, மூன்று கை.

தளத்தில் பதினெட்டுக் கட்டைகளில் நாலு முனை மக்கியிருந்தது. நாலையும் இணைத்தாயிற்று. மேலே இருபது சதுர அடி தட்டோடு மட்டும் மாற்றினோம். மொத்தச் செலவு, ஒப்பந்தக்காரர் சிமெண்டுக்கும் கான்கிரீட்டுக்கும் கேட்டதைவிடக் குறைவுதான். ஆனால் ஏழு மாதம் ஆனது, அந்த ஏழு மாதமும் அம்மா சித்தி வீட்டில் இருந்தார். அந்தக் கஷ்டத்தையும் சொல்லத்தான் வேண்டும்.

---

தரங்கை அலை | 2025 ஆகஸ்ட் 11

படங்களைப் பார்த்தேன் தம்பி, மனசு நிறைந்தது. கீழ்ப்பக்கம் இரண்டு வருடத்துக்குக் கொஞ்சம் உப்பு பூக்கும். பயப்படாதீர்கள். துடைப்பத்தால் தட்டிவிட்டு, வருடா வருடம் பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடித்துவிடுங்கள்.

---

பாட்டிவீட்டுப் பேரன் | 2025 அக்டோபர் 22

முதல் பெருமழை வந்துபோனது. தெருவில் கணுக்கால் அளவு நின்றது, வால்வு வைத்ததால் தூம்பு வழியாக ஏறவில்லை. தளத்தில் மழைக்குழாய் வாயருகே மட்டும் ஒரு உள்ளங்கை அளவு ஈரம். மழை விட்டதும் மேஸ்திரி வந்து பார்ப்பதாகச் சொன்னார். சுவர் ஈரமான நாளில் கறுக்கிறது, இரண்டு நாள் வெயில் அடித்தால் வெளுக்கிறது. அம்மா தீபாவளிக்கு இங்கேதான் விளக்கேற்றினார்.

பாரிஸ் அக்கா, ஜூலையில் வருவதாகச் சொன்னீர்கள். வீடு எப்படி இருக்கிறது?

---

பாரிஸ் பிள்ளை | 2025 அக்டோபர் 23

ஜூலையில் வர முடியவில்லை தம்பி, இவருக்கு ஆபரேஷன். வீடு இன்னும் பூட்டியேதான் இருக்கிறது. பொங்கலுக்குத்தான் டிக்கெட் போட்டிருக்கிறேன். அதுவரை இன்னொரு மழைக்காலம் போய்விடுமே என்று வேதனையாக இருக்கிறது.

---

கொத்தனார் மகன் | 2025 அக்டோபர் 23

அக்கா, பூட்டிய வீட்டுக்கு முதல் மருந்து காற்றுதான். மழை இல்லாத நாளில் காலை பத்திலிருந்து நாலு மணி வரை ஜன்னல்களைத் திறந்துவைத்தாலே போதும். நம்பிக்கையான யாரிடமாவது சாவி இருந்தால் சொல்லுங்கள்.

---

பாட்டிவீட்டுப் பேரன் | 2025 நவம்பர் 9

பாரிஸ் அக்கா, உங்கள் பக்கத்து வீட்டுக்காரரிடம் சாவி வாங்கிவிட்டேன், இன்று காலை போய் வந்தேன். கீழே கூடத்துச் சுவரில் ஓதம் ஓரடி உயரம்தான், உங்கள் வீட்டில் யாரும் சிமெண்ட் பூசவில்லை. அலமாரிக்குள் பூஞ்சண வாடை இருக்கிறது. பத்திரப் பெட்டி மேல்தட்டில் இருந்ததால் நனையவில்லை, நான் திறக்கவில்லை, அப்படியே மாடிக்குக் கொண்டுபோய் வைத்திருக்கிறேன். மாடியில் மேற்குப் பார்த்த ஜன்னல் ஒன்று கீல் துருவேறித் திறக்க வரவில்லை. மண்ணெண்ணெய் விட்டு வைத்திருக்கிறேன், அடுத்த ஞாயிறு திரும்பப் போகிறேன்.